தட்டினால் விடுகிற இடம்

அக்காவின் இடது காதைக் காது என்று சொல்லவே முடியாது. பிசைந்த மாவில் ஒரு உருண்டை எடுத்துத் தலையோரம் ஒட்டிவைத்த மாதிரி, மடிப்பே இல்லாமல் வீங்கி இறுகிப்போயிருக்கும். அதில் கம்மல் நிற்காது. வலது காதில் மட்டும் ஒற்றைக் கம்மலோடு ஆவடி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் கத்திரிக்காயை விட்டுவிட்டு அந்தக் காதையே பார்ப்பார்கள். அக்கா நிமிர்ந்து, "இன்னா பாக்குற? உனக்கும் வேணுமா? ஒருதபா குஸ்தி மேட்டுக்கு வந்து தலைய குடு, சும்மாவே பண்ணித் தரேன்" என்பாள். அவ்வளவுதான், பார்த்தவர்கள் வெங்காயக் கடைப் பக்கம் போய்விடுவார்கள்.

அக்கா குஸ்தி வீராங்கனை. பெண்கள் குஸ்தி என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அவளைப் பார்த்துத்தான் தெரியும். ஆவடியில் ஒரு மத்திய போலீஸ் கேம்ப்பில் விளையாட்டு கோட்டாவில் கான்ஸ்டபிள் வேலை. பல வருஷம் தொடர்ந்து மாநில சாம்பியன். நாங்கள் பட்டாபிராமில் கீழ்வீட்டில் குடியிருந்தோம், அக்கா மாடியில் ஒற்றை ரூமில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என் வெயிட்டு கேட்டகரில எவனும் சிக்கல" என்பாள்.

குடிவந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டினாள். கையில் சிரிஞ்சு ஊசி, பஞ்சு, டெட்டால். வலது காது தக்காளிப் பழம் மாதிரி சிவந்து உப்பியிருந்தது.

"நீ டைலர்தான? ஊசி புடிக்கிற கைதான? உள்ள ரத்தம் கட்டிக்கினு கீது. குத்தி எடு. இல்லாட்டி இதுவும் அந்தக் காது மாதிரி ஆயிடும், அப்பால இந்தக் கம்மலையும் அடகுதான் வெக்கணும்."

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிறவள். மனுஷ காதில் ஊசி குத்தச் சொன்னால் எப்படி? மாதாவே என்று சொல்லிக்கொண்டு குத்தினேன். ரத்தம் சிரிஞ்சில் கறுப்பாக ஏறியது. மூன்று தடவை குத்தினேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் வேர்த்துக் கொட்டியது, வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. முடித்ததும், "உனுக்கு நல்ல கை" என்று சொல்லிவிட்டு என் அடுப்பிலிருந்த மீன்குழம்பை ஊற்றித் தின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் சிநேகம்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பழகுவாள். பழைய மெத்தை இரண்டை வெட்டித் தைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மேட் மாதிரி ஆக்கிக்கொடுத்தது நான்தான். பிடிக்க ஒரு உடம்பு வேண்டுமே, அதற்கும் நான்தான். "நீ ஒண்ணும் பண்ண வாணாம் ரோசி. பொணம் மாதிரி கெட. உன் வெயிட்டு கோழி வெயிட்டு, பரவால்ல" என்பாள். அப்புறம் என்னைத் தூக்குவாள், புரட்டுவாள், கையை முதுகுப்பக்கம் மடக்குவாள், கழுத்தைக் கக்கத்தில் வைத்து அழுத்துவாள். நான் கத்துவேன், சிரிப்பேன். என் மகள் ஜெனிக்கு அப்போது எட்டு வயசு. தண்ணி டேங்க்மேல் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டே, "அம்மா அவுட்டு! அம்மா அவுட்டு!" என்று கூவுவாள்.

முதல் நாளே அக்கா ஒரு சட்டம் சொன்னாள். "தாங்க முடியலன்னா வாயால சொல்லாத. கழுத்து என் கையில இருக்கும்போது உனக்கு வாயி வராது. தட்டு. மேட்ட தட்டு, என்னைத் தட்டு, எதையாவது தட்டு. ரெண்டு தட்டு. வுட்டுடுவேன்."

விட்டுவிடுவாள். அதுதான் அக்கா. நான் விளையாட்டுக்குத் தட்டினாலும் விடுவாள், ஏமாற்றுகிறேன் என்று தெரிந்தாலும் விடுவாள். பிடி முழுதாக விழுந்து, இன்னும் ஒரு மூச்சு அழுத்தினால் வேலை முடிந்தது என்கிற நேரத்திலும், டப் டப் என்று இரண்டு சத்தம் கேட்டால் அந்த இரும்புக் கை நூல் அறுந்த மாதிரி தளர்ந்துவிடும். மூளைக்கு விஷயம் போவதற்கு முன்னால் கை விட்டுவிடும் என்றுதான் நினைக்கிறேன். அவள் தட்டி மட்டும் நான் பார்த்ததே இல்லை.

எலெக்ட்ரிக் டிரெயினில் ஒரு தடவை, அண்ணனூர் தாண்டியதும், லேடீஸ் பெட்டி வாசலில் தொங்கிக்கொண்டு வந்த ஒருத்தன் காலேஜ் பெண் ஒருத்தியின் மார்பில் கை வைத்துவிட்டான். அக்கா அடுத்த ஸ்டேஷனில் அவனை இழுத்து இறக்கி, பிளாட்ஃபாரத்தில் குப்புறத் தள்ளி, கையை மடக்கி முதுகில் ஏற்றினாள். தோள்பட்டையிலிருந்து முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் வந்தது. அவன் மூக்கு சிமெண்டில் தேய்ந்து ரத்தம். கூட்டம் கூடிவிட்டது. "ஒடைக்கா! ஒடச்சி அனுப்பு!" என்று பூக்காரம்மா கத்துகிறாள். நானும் கத்தினேன், எனக்கென்ன வெட்கம். அவன் வலி தாங்காமல் மற்றக் கையால் தரையை அடித்தான். இரண்டு அடிதான். அக்கா கையை எடுத்துவிட்டாள். அவன் எழுந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடியே போய்விட்டான்.

"இன்னாம்மா நீ, புடிச்சி போலீஸ்ல குடுக்காம!" என்று பூக்காரம்மா சண்டைக்கு வந்தாள்.

"தட்டிட்டான்மா" என்றாள் அக்கா. அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது போல.

இதைவிடக் கூத்து, கோழிக்கடை. கிலோ கணக்கில் கறி தின்கிறவள், கோழிக்கடைப் பக்கம் மட்டும் வரமாட்டாள். நான் வாங்கி வந்தால் தின்பாள். ஏன் என்று குடைந்ததில் ஒரு நாள் சொன்னாள். கழுத்தை அறுத்து டிரம்முக்குள் போட்டதும் உள்ளே றெக்கை அடிக்குமே, அது அவளுக்கு ஆகாதாம். "தட்டுதுடி. உள்ள போட்டு மூடிட்டானுங்க, அது தட்டிக்கினே கீது." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் மேலே போய்ச் சமாதானம் பண்ணியபோதுதான் அவள் வீட்டுக் கதை வந்தது. திருமழிசைப் பக்கம் ஒரு கிராமம், நிலம் வைத்திருந்த குடும்பம். பம்பு செட்டு மோட்டார் பெல்ட்டு தேய்ந்து கழற்றினால் அப்பன் அதைத் தூக்கிப் போடமாட்டானாம். பெல்ட்டால் அடிப்பானாம். ஆத்தாளையும் இவளையும். ஒரு நாள் முட்டியால் முதுகில் அழுத்தி வைத்துக்கொண்டு அடிக்கிறான், மூச்சு வரவில்லை, இவள் மண்தரையைத் தட்டித் தட்டித் தட்டி, கை தோல் உரிந்ததாம். விடவில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், குண்டாக இருக்கிறாளே என்று குஸ்திக்குச் சேர்த்துவிட்டார். முதல் நாள் ஒரு சீனியர் பெண் இவளை மேட்டில் அழுத்தினாள். பழக்கதோஷத்தில் இவள் தரையைத் தட்டினாள்.

"வுட்டுட்டாடி" என்றாள் அக்கா. "அவ எந்திரிச்சிட்டு, இன்னாம்மா வலிக்குதான்னு கேக்குறா. எனக்கு அழுகையே வந்துடிச்சி. உலகத்துல இப்புடி ஒரு எடம் கீதா? தட்டுனா உடற எடம்? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், செத்தாலும் இங்கதான்னு."

அவளை நாட்டுக்கு வெளியே அனுப்பியது ஒரே ஒரு தடவை, பின்லாந்துக்கு. அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். அங்கே இவளுக்கு எதிரே வந்தவள் அந்த நாட்டு சாம்பியன். பால் நிறத்தில், பனைமரம் மாதிரி தோளோடு ஒருத்தி. பெயர் அக்காவின் வாயில் நுழையாது, "வெள்ளச்சி" என்றுதான் சொல்வாள். வெள்ளச்சி அக்காவின் கையைப் பிடித்த பிடியில் தோள் மூட்டு இறங்கப் பார்த்ததாம். அக்கா தட்டினாள். நடுவர் அந்தப் பக்கம் நின்றதால் பார்க்கவில்லை, விசில் ஊதவில்லை. வெள்ளச்சி அப்படியே அழுத்தியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் விட்டுவிட்டாள். எழுந்து, தள்ளி நின்று, அக்கா தோளை உதறிச் சரிசெய்துகொள்ளும்வரை காத்திருந்து, அப்புறம் வந்து முறையாக ஜெயித்தாள்.

"ரெண்டாவது தபா இன்னா அடி அடிச்சா தெரியுமா! உதடு கிழிஞ்சிடிச்சி. ஆனா தங்கம்டி அவ."

ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்ப் பழக்கப்படி அக்காவை ஒரு மர ரூமுக்கு அழைத்துப் போனாளாம். சூடான கல்மேல் தண்ணீர் ஊற்றி, ஆவி பிடித்துக்கொண்டு, பெண்கள் எல்லோரும் துணியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு மூலையில் ஒடுங்கினாளாம். பாஷை தெரியாது. வெள்ளச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஈர முடியை ஒதுக்கித் தன் காதைக் காட்டினாளாம். "இதே காதுடி. இதே மாதிரி நசுங்கி. அவ என் காத தொட்டா, நான் அவ காத தொட்டேன். ரெண்டு பேரும் லூசு மாதிரி சிரிச்சோம்."

அவளோடு இன்னொரு தடவை மோத வேண்டும், அக்காவுக்கு வேறு ஆசையே கிடையாது. ஜெயிக்கக்கூட வேண்டாம், தட்டாமல் தோற்றால் போதும் என்பாள். அந்த வருஷம் வாய்ப்பு வந்தது. பின்லாந்திலேயே போட்டி, வெள்ளச்சியும் இறங்குகிறாள் என்று கோச் சொல்லியிருந்தார். தில்லியில் தேர்வு. ஜெயித்தால் பிளேன். அக்காவுக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது, இதை விட்டால் அவ்வளவுதான். மூன்று மாசம் அரிசிச் சோற்றைத் தொடவில்லை. மாடிப்படியில் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவாள். நான் மேலே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே போவேன்.

இனி என் வீட்டுக்காரன் கதைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

லேத்து ஆபரேட்டர். கை வேலை தெரிந்தவன், குடித்தால் அந்தக் கை என்மேல்தான். தாலி கட்டிய மறுவாரமே ஆரம்பித்தது. முகத்தில் அடிக்கமாட்டான், கோயிலில் நாலு பேர் பார்ப்பார்களே. முதுகு, விலா, தொடை. தையல் கத்தரிக்கோலின் பிடியால் ஒரு தடவை அடித்ததில் விலா எலும்பு விரிந்து, பதினைந்து நாள் மூச்சை அரைகுறையாக இழுத்துக்கொண்டு காலர் தைத்தேன். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னால், ஜெபம் பண்ணும்மா, குடும்பம்னா பொறுமை வேணும் என்றார். அவருக்கென்ன, அவர் விலாவா?

அக்கா முதலில் ஜாடையாகக் கேட்டாள், நான் மழுப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் வாசலிலேயே அவன் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். அக்கா மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டாள். இறங்கி வந்து அவனைச் சுவரோடு சாய்த்து மணிக்கட்டைத் திருகினாள். அவ்வளவு பெரிய ஆம்பளை நுனிக்காலில் நின்றான். முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்புறம், இத்தனை நாள் எங்கள் மொட்டை மாடிக் கூத்தைப் படியில் நின்று பார்த்து, "இன்னாடி ரெண்டு பேரும் தட்டிகினு கீறீங்க" என்று நக்கலடித்தவனல்லவா, ஞாபகம் வந்துவிட்டது. சுவரை இரண்டு தட்டுத் தட்டினான். அக்கா விட்டாள்.

அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அக்காவை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

தில்லி ரயில் திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் அக்கா மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனி கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். அவன் வேலைக்குப் போகாமல் குடித்துவிட்டு வந்தான். அரை மணி நேரமாக போன் பண்ணுகிறானாம், பிஸியாம். யாரோடு பேசினாய் என்றான். எங்கம்மாவோடு என்றேன். நம்பவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துப் போனான். மாடிப்படிக்குக் கீழே தண்ணி மோட்டார் இருக்கும், பக்கத்தில் நீல பிளாஸ்டிக் டிரம். தலையை அதற்குள் அழுத்தினான்.

தண்ணீருக்குள் கண் திறந்திருந்தது. டிரம்மின் அடியில் ஜெனியின் ரப்பர் பேண்டு ஒன்று கிடந்தது தெரிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறி மண்டைக்குள் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. தூக்கினான், "எவன்டி அவன்?" என்றான், பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன் மறுபடி அழுத்தினான். மூன்றாவது தடவை என் கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. டிரம்மின் பக்கத்தைத் தட்டின. டப் டப். டப் டப். டப் டப். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் மேளம் மாதிரி கேட்டது. அவன் விடவில்லை.

மாடியில் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. என் சத்தமே வெளியே வரவில்லை, அவளுக்குக் கேட்டது அந்தத் தட்டுதான். படியில் இறங்கி வரவில்லை, பாதியிலிருந்தே குதித்தாள். அவனை அப்படியே என்மேலிருந்து பிய்த்து எடுத்துத் தரையில் அறைந்தாள். நான் டிரம்மோடு சரிந்து விழுந்து இருமி வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவன் குப்புறக் கிடந்தான், அக்காவின் முட்டி அவன் முதுகில், அவன் வலது கை பிடரிவரை ஏறியிருந்தது. அக்கா முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அவன் கத்தினான், உமிழ்ந்தான், அக்காவின் பிறப்பைப் பற்றிப் பேசினான். கையில் ஏதோ இடம் பெயர்ந்தது, அலறினான். ஒடையட்டும் என்றுதான் நான் நினைத்தேன். மறைக்கவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

அவன் இடது கை மெதுவாக நீண்டது. தரையைத் தட்டியது. இரண்டே தட்டு.

"அக்கா வாணாம், உடாத!" என்று கத்த வாயைத் திறந்தேன், தண்ணீர்தான் வந்தது.

அக்கா விட்டுவிட்டாள். எழுந்து, தள்ளி நின்று, அவன் எழுந்திருக்கக் காத்திருந்தாள். மேட்டில் நிற்கிற மாதிரி.

மோட்டார் குழாய் வாரம் ஒரு தடவை ஒழுகும், அதற்காகப் பைப் ரிஞ்ச் எப்போதும் அங்கேயே கிடக்கும். அவன் எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே இடது கையால் ரிஞ்ச்சை எடுத்து, அக்காவின் முழங்காலில் பக்கவாட்டில் வீசினான். சத்தத்தைச் சொல்ல எனக்கு மனசில்லை. அக்கா விழுந்தாள். அவன் எழுந்து நின்று, அதே முட்டியில் இன்னொரு அடி அடித்தான். "தட்டுடி பாக்கலாம்! இப்ப நீ தட்டு, நான் உடறேனா பாக்கலாம்!" என்று சிரித்தான். அக்கா தட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் ரிஞ்ச்சைத் தலைக்கு மேல் ஓங்கினான்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பின்னாலிருந்து அவன்மேல் ஏறியிருந்தேன். முன்கை அவன் தொண்டையில், மற்றக் கை அவன் பிடரியில், என் கால்கள் அவன் இடுப்பில். அக்கா ஒரு காலையில் சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுத்த பிடி அது. "இத மேட்ல போட்டா வெளிய தொரத்திடுவாங்க. ஊட்டுக்கு ஆவும்" என்று சொல்லியிருந்தாள். அவன் சுவரில் என்னை மோதினான், இரண்டு தடவை. நான் விடவில்லை. ரிஞ்ச் கீழே விழுந்தது. அவன் முட்டி மடங்கியது. இருவரும் விழுந்தோம், நான் விடவில்லை. கல்யாணம் ஆன பத்து வருஷமும் என் முன்கையில் இருந்தது.

அவன் தட்டினான். என் கையைத் தட்டினான், தொடையைத் தட்டினான், தரையைத் தட்டினான். இந்தத் தடவை நடிப்பில்லை, எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் இன்னும் இறுக்கினேன். அவன் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. "தட்டுடா. நான் அக்கா இல்ல" என்றேன். அவன் கால் தரையில் இழுத்துக்கொண்டது. தட்டுகிற கை மெதுவாகி, நின்றுவிட்டது.

"ரோசி, வுடு. ரோசி." அக்காவின் குரல் எங்கேயோ கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

அப்போது என் கணுக்காலில் ஏதோ பட்டது. அக்கா முழங்காலை இழுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து வந்திருந்தாள். வந்த வழியெல்லாம் ஈரம், டிரம் தண்ணீரோடு ரத்தமும். கையை நீட்டி என் கணுக்காலைத் தட்டினாள். இரண்டு தட்டு.

என் கண்முன்னால் ஒரு தடவைகூடத் தட்டாதவள். காதில் ஊசி ஏறியபோது தட்டாதவள், முட்டி நொறுங்கியபோது தட்டாதவள், அந்த நாய்க்காக என் காலைத் தட்டினாள்.

நான் விட்டேன். அவன் விசில் மாதிரி மூச்சை இழுத்தான். பிழைத்துக்கொண்டான்.

அப்புறம் ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு. அவன் தன் அம்மா வீட்டுக்குப் போனான், நான் சட்டப்படி பிரிந்தேன். அதெல்லாம் பெரிய கதை இல்லை, எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். அக்காவின் முட்டிக்கு இரண்டு ஆபரேஷன். திங்கட்கிழமை தில்லி ரயில் அவள் இல்லாமல் போனது. டாக்டர், நடக்கலாம், மேட்டை மறந்துவிடுங்கள் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். டாக்டர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு ஆறவில்லை. என்னால்தான் என்கிற குற்றவுணர்ச்சி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம்தான் முதலில் வெளியே வந்தது. என் வாய் அப்படி.

"இன்னாத்துக்குக்கா உட்ட? அவன் ஏமாத்துறான்னு உனக்குத் தெரியாதா? பிளாட்ஃபாரத்துல ஒருத்தன உட்ட, வாசல்ல இவன உட்ட, ஒருதபா, ஒரே ஒருதபா புடிச்சிகினு இருந்தா உன் கால் இருந்திருக்கும். பின்லாந்து போயிருப்ப!"

அக்கா என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "தெரியும்டி" என்றாள். "அவன் கண்ணப் பாத்தேன். தெரிஞ்சிதான் வுட்டேன்."

"அப்ப நீ பைத்தியம்."

"இருக்கட்டும்" என்றாள். "தட்டியும் புடிச்சிகினு இருந்தா எங்கப்பன் ஆயிடுவேன்டி. எனக்கு அந்தக் கை வாணாம்." பிறகு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கோழிக்கறி கெடைக்குமா இந்த ஆஸ்பத்திரில?" என்று கேட்டாள்.

ஆறு மாசத்தில் அவளை வடக்கே எங்கேயோ ஒரு கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்கள், ஆபீஸ் வேலைக்கு. கைத்தடியோடு ஸ்டேஷனில் நின்றாள். நான் அழுதேன், ஜெனி அழுதாள். அக்கா அந்த ஒற்றைக் கம்மலைக் கழற்றி ஜெனியின் கையில் வைத்துவிட்டு வண்டி ஏறினாள். முதலில் அடிக்கடி போன் பேசினோம். பிறகு கிறிஸ்துமஸுக்கு, பொங்கலுக்கு. பிறகு அதுவும் இல்லை. வாழ்க்கை அப்படித்தான் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது.

இப்போது ஜெனிக்கு இருபத்திரண்டு வயசு. அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. நானும் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். என் லைனில் வேலை செய்கிற பெண்கள் எனக்குப் பயப்படுவார்கள், எனக்குச் சட்டென்று கை நீளும் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பொய் இல்லை.

போன மாசம், ஞாயிற்றுக்கிழமை. ஜெனி பாடற்குழுப் பயிற்சி என்று வாராவாரம் மத்தியானம் கிளம்பிப் போவாள். அன்றைக்கு அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனில் ஒரு படம் வந்தது. கட்டிலில் ஒரு கிழவன், உற்றுப் பார்த்தால் அவன்தான், ஒரு பக்கம் வாய் கோணி, அவனுக்கு என் மகள் கஞ்சி ஊட்டுகிறாள். வாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறானாம். ஜெனியின் அத்தை வீட்டில், அத்தையின் பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பார்த்ததில் தெரிந்தது. பாடற்குழு இல்லை, அங்கேதான் போயிருக்கிறாள், ஒரு வருஷமாக.

குளித்துவிட்டு வந்தவளின் ஈர முடியைக் கொத்தாகப் பிடித்தேன். பீரோவில் மோதினேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. "அவர் என் அப்பாம்மா" என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. மறுபடி மோதினேன். முன்கை அவள் கழுத்தில் ஏறிவிட்டது. அதே பிடி. அவளுக்கு வாய் வரவில்லை.

பீரோக் கதவில் சத்தம் கேட்டது. டப் டப்.

தண்ணி டேங்க்மேல் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டே பார்த்தவளல்லவா. அவளுக்கு மறக்கவில்லை. எனக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிட்டது, அது விட்டுவிட்டது. ஜெனி சரிந்து உட்கார்ந்து இருமினாள். நான் என் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை. கழுத்தில் என் கை பதிந்த இடத்தில் எண்ணெய் தடவ விட்டாள்.

அவள் சாப்பிடாமலே படுத்துக்கொண்ட பிறகு அக்காவின் பழைய நம்பருக்குப் போட்டேன். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். குரல் தடித்துப்போயிருந்தது, ஆனால் அதே குரல். எப்படி இருக்கிறாய், என்ன ஏது என்று ஒன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். போன், படம், பீரோ, கழுத்து. நான் முடித்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தட்டுனாளா?"

"தட்டுனாக்கா."

"வுட்டியா?"

"வுட்டுட்டேன்கா."

அந்தப் பக்கம் கைத்தடியைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப சரி" என்றாள் அக்கா. "போயி கொழந்தைக்கு எதனா துன்னக் குடு."